மாட்டு இருதயத்திலிருந்து வந்த சாட்சி



ஒரு காட்சியை மனதில் எண்ணிப் பாருங்கள். கர்ப்பிணித் தாய்மாரைப் பரிசோதிக்கிற எந்த மருத்துவமனையிலும் இது நடக்கக்கூடும். இருபத்தாறு வயதுள்ள ஒரு பெண் மூன்றாம் முறையாகக் கருவுற்று வந்திருக்கிறாள். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோயிற்று. இரண்டாவது கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. இந்தக் குழந்தையாவது தங்கவேண்டும் என்ற ஏக்கத்தோடு, மாமியாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எடை பார்க்கிறார்கள், இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், கையில் இரத்தம் எடுக்கிறார்கள். மாலையில் ஆய்வுக்கூடத்திலிருந்து சீட்டு வருகிறது. அதில் ஒரு வரி: ‘வி.டி.ஆர்.எல். – ரியாக்டிவ்.’

“சிஸ்டர், இதுல மட்டும் சிவப்பு மையில கோடு போட்டிருக்காங்களே, என்னது?” என்று மாமியார் கேட்கிறார்.

“டாக்டரம்மா பார்த்துச் சொல்லுவாங்க, அம்மா. கொஞ்சம் உட்காருங்க” என்கிறார் நர்ஸ்.

ஆனால் வரிசையில் நிற்கும் ஒருவருக்கு அரைகுறையாக விவரம் தெரியும். “அது மேகநோய்க்குப் பார்க்கிற டெஸ்டு” என்று அவர் காதோடு காதாகச் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான். மாமியாரின் முகம் மாறுகிறது. இரவு வீட்டில் கணவன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான். அந்தக் கேள்வி என்ன என்பதை நான் எழுதவேண்டியதில்லை. இரண்டு குழந்தைகளை இழந்த பெண்ணின் மேல் மூன்றாவதாக ஒரு பாரம் ஏறிவிடுகிறது.

அந்தச் சீட்டு சொன்னது உண்மையா? உண்மையென்றால், முழு உண்மையா? இதற்குப் பதில் சொல்ல, நம் சரீரத்தில் இருக்கும் ஒரு விசித்திரமான கொழுப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டும். அதன் பெயர் கார்டியோலிப்பின்.

எண்ணெயும் தண்ணீரும்

தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் அது மிதக்கும், கலக்காது. இது சமையலறையில் நாம் தினமும் பார்ப்பது. ஆனால் சில கொழுப்புகள் இரண்டு குணங்களையும் ஒருங்கே கொண்டவை. அவற்றின் தலை தண்ணீரை விரும்பும். வால்கள் தண்ணீரை வெறுக்கும். தலையில் பாஸ்பரஸ் சேர்ந்திருப்பதால் இவற்றைப் பாஸ்போலிப்பிட் என்று அழைக்கிறார்கள். முட்டையின் மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் இவ்வகையைச் சேர்ந்தது.

இப்படிப்பட்ட கொழுப்புகளைத் தண்ணீரில் விட்டால் அவை தாமாகவே அணிவகுத்துக்கொள்கின்றன. தலைகள் இருபுறமும் தண்ணீரை நோக்கி நிற்க, வால்கள் நடுவே ஒன்றையொன்று பார்த்து மறைந்துகொள்ள, இரண்டு அடுக்கு கொண்ட மெல்லிய சவ்வு உண்டாகிறது. நம் உடலிலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும் சுற்றுச்சுவராக இருப்பது இந்தச் சவ்வுதான். செல்லுக்குள்ளே இருக்கும் அறைகளுக்கும் இதுவே தடுப்புச்சுவர்.

பெரும்பாலான பாஸ்போலிப்பிட்டுகளுக்குத் தலை ஒன்று, வால் இரண்டு. கார்டியோலிப்பின் மட்டும் வேறுவிதம். இரண்டு பாஸ்போலிப்பிட்டுகளைத் தோளோடு தோள் சேர்த்து ஒட்டியதுபோல் அதற்குப் பாஸ்பேட் இரண்டு, வால்கள் நான்கு. அது வசிக்கும் இடமும் வேறு. செல்லின் வெளிச்சுவரில் அதைத் தேடினால் கிடைக்காது. செல்லின் அடுப்படி என்று சொல்லத்தக்க மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில்தான் அது குடியிருக்கிறது. அந்த உட்சவ்விலுள்ள கொழுப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கார்டியோலிப்பின்.

அடுப்படியில் அதற்கு என்ன வேலை?

நாம் சாப்பிடும் சோறும், மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனும் சந்திக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அங்கே உணவிலுள்ள சக்தி படிப்படியாக எடுக்கப்பட்டு, ஏ.டி.பி. என்ற சிறு நாணயமாக மாற்றப்படுகிறது. தசை சுருங்குவதற்கும், மூளை நினைப்பதற்கும், சிறுநீரகம் வடிகட்டுவதற்கும் செலவாவது அந்த நாணயமே. இதைத் தயாரிக்கும் புரத இயந்திரங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்திருக்கின்றன. கார்டியோலிப்பின் அவற்றின் இடுக்குகளில் புகுந்து, ஒன்றோடொன்று நெருக்கமாகச் சேர்ந்து நிற்கும்படி பிடித்துக்கொள்கிறது. செங்கற்களுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து எப்படியோ, அப்படி. உட்சவ்வு பல மடிப்புகளாக மடிந்திருப்பதற்கும் இந்தக் கொழுப்பின் வடிவம் உதவுகிறது. மடிப்பு குறைந்தால் இயந்திரங்களுக்கு இடம் குறையும், சக்தியும் குறையும்.

இரவும் பகலும் ஓயாமல் உழைக்கும் உறுப்பு இருதயம். அதன் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆகையால் கார்டியோலிப்பின் அங்கே மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை. இருதயத்திலுள்ள கார்டியோலிப்பினின் நான்கு வால்களும் பெரும்பாலும் லினோலெயிக் அமிலத்தால் ஆனவை. சூரியகாந்தி எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இருக்கிறதே, அதே அமிலம்தான். நம் உடலால் அதைத் தயாரிக்க முடியாது, உணவிலிருந்தே பெறவேண்டும்.

இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு மைட்டோகாண்ட்ரியா பழுதாகிவிட்டால், உள்ளே இருந்த கார்டியோலிப்பின் வெளிச்சவ்வுக்கு வந்து நிற்கிறது. ‘இது பழுது, அகற்றிவிடு’ என்று செல்லுக்குக் காட்டும் கொடி அது. பழுது மிகவும் அதிகமானால், செல் முழுவதுமே அமைதியாகத் தன்னை முடித்துக்கொள்ளும் ஏற்பாட்டிலும் இந்தக் கொழுப்புக்குப் பங்குண்டு.

ஒன்றை இங்கே நினைவில் வையுங்கள். நம்முடைய செல்களைத் தவிர, பாக்டீரியா என்ற கிருமிகள் பலவற்றின் சவ்விலும் கார்டியோலிப்பின் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவே ஆதியில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களிலிருந்து வந்தவை என்பது விஞ்ஞானிகளின் முடிவு. நம்முடைய பொருளாகவும் கிருமியின் பொருளாகவும் ஒரே சமயத்தில் இருக்கிற இந்தக் கொழுப்பு, நம் நோய் எதிர்ப்புச் சக்தியைச் சில வேளைகளில் குழப்பிவிடுகிறது.

ஆய்வுக்கூடத்துக்கு அது வந்த வழி

சிபிலிஸ் என்னும் மேகநோய் ஐரோப்பாவை வாட்டிக்கொண்டிருந்த காலம். 1906-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஆகஸ்ட் வாசர்மன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் இந்நோயைக் கண்டுபிடிக்க ஓர் இரத்தப் பரிசோதனையை உருவாக்கினார்கள். சிபிலிஸ் நோயால் இறந்து பிறந்த குழந்தைகளின் ஈரலிலிருந்து சாறு எடுத்து, அதோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த ஈரலில் கிருமி நிறைந்திருப்பதால்தான் பரிசோதனை பலிக்கிறது என்பது அவர்களுடைய எண்ணம்.

மறு ஆண்டே ஓர் ஆச்சரியம் வெளிப்பட்டது. கிருமியே இல்லாத, ஆரோக்கியமான உறுப்பின் சாறும் அதே பலனைத் தந்தது! வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனரும் அவருடைய சகாக்களும் 1907-ல் இதைக் காட்டினார்கள். மனிதரின் இரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே லேண்ட்ஸ்டைனர்தான். அப்படியானால் நோயாளியின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் கிருமியை மட்டும் தேடிப் பிடிக்கவில்லை; சாதாரண உறுப்பிலுள்ள ஏதோ ஒரு பொருளைப் பிடிக்கிறது. அது எந்தப் பொருள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாராலும் பிரித்துக் காட்ட முடியவில்லை.

அதைச் செய்தவர் ஒரு பெண் விஞ்ஞானி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மேரி பேங்க்பார்ன், 1941-ல் மாட்டு இருதயத்திலிருந்து அந்தக் கொழுப்பைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். கிரேக்க மொழியில் இருதயத்துக்குக் ‘கார்டியா’ என்று பெயர். அதனால் அதற்குக் கார்டியோலிப்பின் என்று பெயரிட்டார்.

1946-ல், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த பால்வினை நோய் ஆய்வுக்கூடத்தில், கார்டியோலிப்பினோடு லெசித்தினும் கொலஸ்ட்ராலும் சேர்த்து ஓர் எளிய பரிசோதனை உருவாக்கப்பட்டது. அந்த ஆய்வுக்கூடத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே வி.டி.ஆர்.எல். நம் நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை பரவிய பெயர், ஒரு கட்டடத்தின் பெயர்தான்!

செய்முறை எளிது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரம். அதோடு ஒரு சொட்டு கார்டியோலிப்பின் கலவை. சில நிமிடங்கள் சுழற்றி, நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் துகள்கள் திரண்டு கட்டிகட்டியாகும். இல்லாவிட்டால் சீராகப் பரவியிருக்கும். திரண்டால், சீரத்தை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்க்கச்செய்து, எதுவரை திரள்கிறது என்று பார்ப்பார்கள். சீட்டில் 1:8, 1:32 என்றெல்லாம் எழுதியிருப்பது இதைத்தான். இரண்டாவது எண் எவ்வளவு பெரிதோ, எதிர்ப்பொருள் அவ்வளவு அதிகம். கரித்தூள் சேர்த்து வெறுங்கண்ணால் பார்க்கும்படி செய்த ஆர்.பி.ஆர். என்ற பரிசோதனையும் இதே குடும்பம்தான்.

இந்தப் பரிசோதனை காப்பாற்றும் உயிர்கள்

கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்யவேண்டியது ஏன்? சிபிலிஸ் கிருமி தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், குறைமாதத்தில் பிறக்கலாம், பிறந்த பின் எலும்பு, ஈரல், மூளை, கண், காது ஆகியவை பாதிக்கப்படலாம். தாய்க்கோ வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமலிருக்கலாம். சீட்டில் வரும் அந்த ஒற்றை வரியே எச்சரிக்கை.

மருந்தும் நம் கையில் இருக்கிறது. 1943-ல் அதே ஸ்டேட்டன் தீவு மருத்துவமனையில் ஜான் மஹோனியும் அவருடைய சகாக்களும் நான்கு நோயாளிகளுக்குப் பென்சிலின் கொடுத்து, அது சிபிலிஸைக் குணமாக்குவதைக் கண்டார்கள். இன்றும் கர்ப்பிணிக்கு அதுவே மருந்து. நோய் ஆரம்ப நிலையில் இருந்தால் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின் ஒரே ஊசி போதும். வெகுகாலமாக இருக்கும் நோய்க்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே சிகிச்சை தொடங்கவேண்டும் என்பதால், மாதம் முற்றும்வரை காத்திராமல் முதல் வருகையிலேயே இரத்தம் எடுக்கிறோம்.

ஆகவே வி.டி.ஆர்.எல். நல்ல ஊழியன்தான். ஆனால் அவன் பேச்சை எப்படிக் கேட்கவேண்டும் என்பது தெரியாவிட்டால், அவன் பெயரால் அநியாயம் நடந்துவிடும்.

சாட்சி சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

இந்தப் பரிசோதனை கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளையும் நேராகப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது கார்டியோலிப்பினுக்கு எதிரான எதிர்ப்பொருளை மட்டுமே. சிபிலிஸில் செல்கள் சிதைந்து உள்ளேயிருக்கும் கொழுப்பு வெளிப்படுவதாலும், கிருமியின் சவ்விலுள்ள கொழுப்பினாலும் அந்த எதிர்ப்பொருள் உண்டாகிறது. ஆனால் சிபிலிஸில் மட்டுமே உண்டாகிறது என்று யாரும் சொல்ல முடியாது.

தொழுநோயில், குறிப்பாகக் கிருமி மிகுந்திருக்கும் வகையில், அது உண்டாகலாம். மலேரியாவிலும் காசநோயிலும் வேறு பல தொற்றுகளிலும் உண்டாகலாம். லூபஸ் என்ற, உடல் தன்னையே எதிர்க்கும் வியாதியிலும் உண்டாகலாம். முதுமையில் சிலருக்கு வரும். சில சமயம் வெறும் கர்ப்பமே காரணமாகிவிடும். இப்படி வருவதைப் ‘பொய் நேர்முடிவு’ என்பார்கள். பெரும்பாலும் அதன் அளவு குறைவாக, 1:8-க்குக் கீழே இருக்கும். தொழுநோயாளிகளும் மலேரியா நோயாளிகளும் வந்துபோகும் மிஷன் மருத்துவமனைகளின் ஆய்வுக்கூடங்களுக்கு இந்தப் பாடம் மிகவும் முக்கியம்.

ஆகையால் வி.டி.ஆர்.எல். சீட்டை வைத்துக்கொண்டு மட்டும் யாருக்கும் சிபிலிஸ் என்று தீர்ப்பெழுதக்கூடாது. டி.பி.எச்.ஏ. போன்ற, கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளையே தேடும் இரண்டாவது பரிசோதனை வேண்டும். இப்போது பல இடங்களில் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் பார்க்கும் துரிதப் பரிசோதனைகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆனால் இவற்றுக்கும் ஒரு குறை உண்டு. முழுவதும் குணமான பிறகும் இவை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நேர்முடிவே காட்டும். நோய் இப்போது உயிரோடிருக்கிறதா, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடியும் கார்டியோலிப்பின் பரிசோதனைக்கே வரவேண்டும். சிகிச்சைக்குப் பின் 1:32 என்பது 1:8 ஆகக் குறைந்தால் நல்ல அறிகுறி. இரண்டு சாட்சிகளும் சேர்ந்து சொல்வதே நம்பத்தக்கது.

ஒருவேளை இரண்டாவது பரிசோதனையும் நேர்முடிவானால்? அப்போதும் அது ஒரு வியாதியின் செய்தியே தவிர, நடத்தைச் சான்றிதழ் அல்ல. கிருமி எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கணவனிடமிருந்தே அந்தக் கிருமியைப் பெற்றுக்கொண்டு, பழியையும் சேர்த்துச் சுமக்கும் மனைவிமார் உண்டு. கணவனையும் அழைத்துப் பரிசோதித்து, இருவருக்கும் சிகிச்சை கொடுப்பதே முறை.

இரண்டாவது முடிவு வரும்வரை ஊசி போடாமல் நிறுத்தி வைக்கலாமா? அது இடத்தைப் பொறுத்தது. தூரத்துக் கிராமத்திலிருந்து வந்தவர் திரும்பி வருவாரோ மாட்டாரோ என்ற நிலையில், பென்சிலின் ஒவ்வாமை இல்லையென்றால், அன்றைக்கே ஊசி போட்டுவிடுவது குழந்தைக்குப் பாதுகாப்பு. தேவையில்லாமல் போட்ட ஒரு ஊசியைவிட, போடாமல் விட்ட ஊசியின் இழப்பு பெரிது. ஆனால் ஊசி போட்டதே நோய்க்கு அத்தாட்சி ஆகாது என்பதையும் குடும்பத்தாருக்கு விளக்கவேண்டும்.

பொய் முடிவுக்குள் ஒளிந்திருந்த உண்மை

இனி அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். அவளுடைய டி.பி.எச்.ஏ. முடிவு ‘இல்லை’ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மேகநோய் இல்லை. குடும்பத்தார் நிம்மதியாக மூச்சுவிடலாம். ஆனால் மருத்துவர் இங்கே நின்றுவிடக்கூடாது. கிருமி இல்லையென்றால், கார்டியோலிப்பினுக்கு எதிரான எதிர்ப்பொருள் எதற்காக வந்தது? இரண்டு குழந்தைகள் ஏன் இறந்தன?

இந்தக் கேள்விக்குப் பதில் மெல்ல மெல்லத்தான் கிடைத்தது. 1952-ல் அமெரிக்காவில் கான்லி, ஹார்ட்மன் என்ற இரு மருத்துவர்கள், லூபஸ் நோயாளிகள் சிலருடைய இரத்தம் சோதனைக் குழாயில் உறையத் தாமதிப்பதைக் கண்டார்கள். இப்படிப்பட்டவர்களில் பலருக்குச் சிபிலிஸ் பரிசோதனையும் பொய்யாக நேர்முடிவு காட்டியது. உறையத் தாமதிக்கிறதென்றால் இரத்தப்போக்கு அதிகமாக வேண்டுமே? நடந்ததோ நேர்மாறு. பிற்காலத்தில் கவனித்தபோது, இவர்களுக்குக் கால் நரம்புகளில் இரத்தக்கட்டி, இளம் வயதில் பக்கவாதம், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆகியவையே அதிகமாக வந்தன.

1983-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் இவையெல்லாம் ஒரே வியாதியின் பல முகங்கள் என்று எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் அவருடைய குழுவினர், கார்டியோலிப்பின் எதிர்ப்பொருளை நுட்பமாக அளக்கும் பரிசோதனையையும் வெளியிட்டார்கள். இன்று இவ்வியாதியை ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் என்று அழைக்கிறார்கள்.

1990-ல் மற்றொரு முடிச்சு அவிழ்ந்தது. தீங்கு செய்யும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் கொழுப்பை நேராகப் பிடிப்பதில்லை. அந்தக் கொழுப்பின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும் பீட்டா-2 கிளைக்கோபுரதம் என்ற இரத்தப் புரதத்தையே பிடிக்கிறது என்று தெரியவந்தது. சிபிலிஸிலும் மலேரியாவிலும் தொழுநோயிலும் வரும் எதிர்ப்பொருளோ, பெரும்பாலும் கொழுப்பை நேராகப் பிடிக்கும் வகை. இரத்தக்கட்டியை அது பொதுவாக உண்டாக்குவதில்லை. தொற்று நீங்கினால் அதுவும் பெரும்பாலும் மறைந்துவிடும். எனவேதான், ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், 12 வாரங்களோ அதற்கு மேலோ கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும் என்ற விதி வந்தது. வி.டி.ஆர்.எல். இந்த வியாதியைக் கண்டுபிடிக்கப் போதாது. அதற்கென்றே மூன்று பரிசோதனைகள் உள்ளன: கார்டியோலிப்பின் எதிர்ப்பொருள், பீட்டா-2 கிளைக்கோபுரத எதிர்ப்பொருள், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்.

கருவுக்கு என்ன நேர்கிறது? நஞ்சுக்கொடிதான் குழந்தைக்குச் சோறும் மூச்சும். இந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி சரியாக வேர்விடாதபடி தடுக்கிறது; அங்கே வீக்கத்தையும் இரத்த உறைவையும் உண்டாக்குகிறது. குழந்தை வளர்ச்சி குன்றி இறக்கிறது. தாய்க்குக் கடுமையான இரத்த அழுத்தமும் வரலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், இதற்குச் சிகிச்சை உண்டு. 1997-ல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், இந்த எதிர்ப்பொருளும் தொடர் கருச்சிதைவும் உடைய 90 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் பெற்ற 45 பேரில் 19 பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் பெற்ற 45 பேரில் 32 பேர் பெற்றார்கள். அதாவது நூற்றுக்கு 42 என்பது 71 ஆக உயர்ந்தது. இன்றும் இந்த இரண்டு மருந்துகளே சிகிச்சையின் அடிப்படை. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை என்பது அதன் சிறப்பு. இரத்தக்கட்டி வந்தவர்களுக்குக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோ நஞ்சுக்கொடியைத் தாண்டும். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் குழந்தைக்குக் கேடு செய்யும். ஆகவே அதைச் சாப்பிட்டு வரும் பெண், கருவுற எண்ணும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும்.

ஹெப்பாரினை வயிற்றுத் தோலுக்கடியில் மாதக்கணக்கில் தினமும் போட்டுக்கொள்ளவேண்டும். முதல் நாள் கை நடுங்கும். நர்ஸ் கற்றுக்கொடுத்தால் சில நாட்களில் தாயே போட்டுக்கொள்ளப் பழகிவிடலாம். ஏற்கெனவே கருவுற்றிருப்பவரிடம் ‘12 வாரம் கழித்து வாருங்கள், மறுபடியும் பார்ப்போம்’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. முதல் முடிவும் பழைய இழப்புகளும் சேர்ந்து வலுவாகச் சுட்டிக்காட்டினால், மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, உறுதிப்படுத்தும் பரிசோதனையைப் பின்னால் செய்துகொள்வார்.

கொழுப்பே சரியாக உருவாகாவிட்டால்?

இதுவரை பார்த்தது, நல்ல கார்டியோலிப்பினை உடல் தவறாக எதிர்ப்பது. கார்டியோலிப்பினே சரியாக உருவாகாத வியாதியும் உண்டு. ஹியூஸின் கட்டுரை வந்த அதே 1983-ல், நெதர்லாந்தின் பீட்டர் பார்த் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அக்குடும்பத்தில் ஆண் குழந்தைகள் மட்டும் இருதயத் தளர்ச்சியாலும் தொற்றுகளாலும் சிறு வயதிலேயே இறந்துகொண்டிருந்தார்கள். பெண் குழந்தைகள் நலமாயிருந்தார்கள்.

1996-ல் இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் டஃபாசின். கார்டியோலிப்பினின் வால்களைச் சரியானபடி மாற்றிப் பூட்டுகிற வேலை அதனுடையது. அந்த வேலை நடக்காதபோது, நான்கு வால்களில் ஒன்று இல்லாத குறைக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்புகள் குலைகின்றன, சக்தி குறைகிறது. பிள்ளையின் இருதயம் பெருத்துத் தளரும், தசைகள் பலவீனமாகும், வெள்ளணுக்களில் ஒரு வகை குறைந்து அடிக்கடி காய்ச்சல் வரும், வளர்ச்சி பின்தங்கும். சில குடும்பங்களில் ஆண் கருக்கள் வயிற்றிலேயே இறப்பதும் உண்டு. பார்த் நோய் மிகவும் அபூர்வமானது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஆண் குழந்தைகளே மீண்டும் மீண்டும் இருதயத் தளர்ச்சியால் இறந்தால், அதை நினைத்துப் பார்க்கவேண்டும். காகிதத்தில் உலர்த்திய இரத்தத் துளியில், குறைக் கொழுப்புக்கும் முழுக் கொழுப்புக்கும் உள்ள விகிதத்தை அளந்தே கண்டுபிடித்துவிடலாம்.

2025 செப்டம்பரில், கார்டியோலிப்பினோடு போய் ஒட்டிக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குத் துணைசெய்யும் எலமிப்ரெடைட் என்ற மருந்துக்கு, 30 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள பார்த் நோயாளிகளுக்காக அமெரிக்க அரசின் மருந்துத் துறை விரைவு அனுமதி கொடுத்தது. தசை வலிமையில் கண்ட முன்னேற்றத்தை வைத்துக் கொடுத்த அனுமதி அது; முழுப் பலனை இனிமேல்தான் நிரூபிக்கவேண்டும். ஆனாலும் பெயரில்லாமல் பிள்ளைகளைக் கொண்டுபோன ஒரு வியாதிக்கு, பெயரும், பரிசோதனையும், மருந்தின் முதல் அடியும் கிடைத்திருக்கின்றன.

இங்கேயும் ஒரு வார்த்தை. பார்த் நோயின் மரபணு பெரும்பாலும் தாயின் வழியாக மகனுக்கு வருகிறது. தாய்க்கு நோய் இராது. அவளுக்குத் தெரியவும் தெரியாது. ‘ஆண் பிள்ளை தங்காத வயிறு’ என்று ஊரார் அவளைப் பேசினால், அதுவும் அநியாயமே.

மனதில் வைக்கவேண்டியவை

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது வி.டி.ஆர்.எல். நேர்முடிவாக வந்தால், மூன்று காரியங்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, அது ஆரம்பக் கேள்வி. கடைசித் தீர்ப்பு அல்ல. உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்யும்வரை யாரும் யாரையும் குற்றப்படுத்தவேண்டாம். இரண்டாவது, நோய் உறுதியானால் பயப்படவேண்டாம், பென்சிலின் உண்டு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வரவேண்டும். மூன்றாவது, நோய் இல்லையென்று வந்தால், அதோடு சீட்டைக் கிழித்துப் போட்டுவிடவேண்டாம். கருச்சிதைவோ, குழந்தை வயிற்றில் இறந்ததோ, கால் வீங்கி இரத்தக்கட்டி வந்ததோ முன்பு உண்டானால், அதை மருத்துவரிடம் சொல்லி, அடுத்த பரிசோதனையைக் கேளுங்கள்.

இறந்த மாட்டின் இருதயத்திலிருந்து எடுத்த ஒரு துளிக் கொழுப்பு, கண்ணாடித் தகட்டின் மேல் திரண்டு ஏதோ ஒன்றைச் சொல்ல முயலுகிறது. இந்தச் சரீரத்தில் ஏதோ நடக்கிறது, கவனியுங்கள் என்பதுதான் அதன் செய்தி. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அதை நாம்தான் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

நாம் மனதில் கண்ட அந்தப் பெண் மறுநாள் காலையில் கணவனோடு வருகிறாள் என்று எண்ணிக்கொள்வோம். மருத்துவர் கதவைச் சாத்திவிட்டு, இருவரையும் உட்காரவைத்து, “தம்பி, உங்க மனைவிக்கு மேகநோய் இல்லை. ஆனா ரெண்டு குழந்தையும் ஏன் போச்சுன்னு இப்ப நமக்கு ஒரு வழி தெரியுது. இந்தக் குழந்தையைக் காப்பாத்தப் பார்க்கலாம்” என்கிறார். அதைச் சொல்ல ஐந்து நிமிடங்கள் போதும். ஆய்வுக்கூடத்தின் வேலை முழுமை பெறுவது அந்த ஐந்து நிமிடங்களில்தான்.